பழுதான கலமும் பதில் சொல்ல வேண்டியவரும்

(கல்லிடைக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அப்பளத்துக்குப் பேர்போன ஊரில் போய்க் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறீரா?" என்று கேட்டார். கேட்டது நியாயந்தான். கடலுக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஒரு ஜில்லாவே கிடக்கிறது. ஆனால் ஆற்றை ஒட்டி மேற்கே போனால் விக்கிரமசிங்கபுரம் மில் வருகிறது. அதை நிறுவிய ஹார்வி கம்பெனிதான் தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு ஏஜெண்டாகவும் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் நூல் நூற்ற இடத்துக்கும் கொழும்புக் கப்பலுக்குச் சீட்டு எழுதிய இடத்துக்கும் முதலாளி ஒருவரே. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தது அந்த ஆதிக்கத்துக்கு எதிராகத்தான். அந்தப் போட்டியில் கட்டணம் எவ்வளவு குறைந்தது, யார் சிறைக்குப் போனார்கள் என்பதையெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கப்பலுக்குள் கரி அள்ளிப் போட்டவனுக்குக் கை போனால் யார் பதில் சொல்வது என்று பேசியதில்லை. இன்றைக்கு அதைப் பேச உத்தேசம்.

அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். கப்பலின் பெயர் துவாரகா. பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே ஓடியது. 1961 டிசம்பரில் அதில் வேலை பார்த்த தளத்து மாலுமி ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று கப்பல் மருத்துவரிடம் போனார். பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு தூக்கம் வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். 15-ஆம் தேதி இரவு, அதாவது 16-ஆம் தேதி விடியற்காலை இரண்டரை மணிக்கு, மேல்தளத்தில் கப்பலைச் செலுத்தும் இடத்தருகே அவரைப் பார்த்துக் கீழே அனுப்பினார்கள். மூன்று மணிக்குக் காவலில் இருந்த இன்னொரு மாலுமியிடம் படுக்கப் போகிறேன் என்று சொன்னார். ஆறேகால் மணிக்கு ஆளைக் காணோம். கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார்கள், தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

தகப்பனார் 4,810 ரூபாய் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டார். கம்பெனியின் ஏஜெண்டான மாக்கின்னன் மெக்கன்சி எதிர்த்து நின்றது. மகன் செத்தான் என்பதற்கே சாட்சி இல்லை, செத்திருந்தாலும் அது வேலையால் நேர்ந்த விபத்து என்பதற்குச் சாட்சி இல்லை என்பது வாதம். ஆணையர் மனுவைத் தள்ளினார். பம்பாய் உயர்நீதிமன்றம் தகப்பனார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1969 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சூழ்நிலையிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம், நேர்ச்சாட்சி இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த ஊகத்துக்கான ஆதாரத்தைக் கொண்டுவரும் சுமை மனுதாரருடையது என்றது. அந்தத் தீர்ப்பை இன்றும் ஆணையர் மன்றங்களில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் படித்துக் காட்டுகிறார்கள்.

தீர்ப்பில் சட்டப் பிழை உண்டென்று நான் சொல்ல வரவில்லை. சுமையை யார் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்று பாருங்கள். தகப்பனார் கரையில் இருந்தார். கப்பலின் நாட்குறிப்பு கம்பெனியிடம் இருந்தது. மருத்துவக் குறிப்பும் அவர்களிடம். சாட்சி சொல்லக்கூடிய ஒவ்வொரு மாலுமியும் அவர்களிடம் சம்பளம் வாங்குபவர். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், அன்றிரவு விளக்கு எரிந்ததா, தளத்தில் எண்ணெய் கொட்டிக் கிடந்ததா என்பதெல்லாம் கப்பலில் இருந்தவர்களுக்கே தெரியும். எல்லாம் தெரிந்தவர் வாய்மூடி இருக்கலாம், ஒன்றும் தெரியாதவர் நிரூபிக்க வேண்டும். கடல் விபத்து வழக்குகளில் நான் கண்ட கோளாறு இதுதான். என் உரை முழுவதும் இதைச் சுற்றியே போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மட்டமான கப்பல்களை அளவுக்கு மீறி இன்சூர் செய்து, அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பினார்கள். மூழ்கினால் முதலாளிக்குப் பணம் வரும். கையெழுத்துப் போட்ட மாலுமி, கப்பலைப் பார்த்து மிரண்டு ஏற மறுத்தால் அவனுக்குச் சிறை. சாமுவேல் பிளிம்சால் என்ற டெர்பி தொகுதி உறுப்பினர் 1873-இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1875-இல் நாடாளுமன்றத்தில் நிதானமிழந்து கத்தினார். 1876-இல் சட்டம் வந்தது. கப்பல் பக்கவாட்டில் வட்டமும் அதன் குறுக்கே கோடும் பார்த்திருப்பீர்களே, சரக்கேற்றினால் தண்ணீர் அதற்கு மேல் வரக்கூடாது என்ற அந்தக் குறி அவர் பெயரால்தான் வழங்குகிறது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. மாலுமியோடு செய்யும் ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்திலும், கப்பலைக் கடலுக்குத் தகுதியாக வைத்திருக்க உடைமையாளர் நியாயமான வழிகள் அனைத்தையும் கையாள்வார் என்ற வாக்கு, எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ளப்படும்.

நல்ல பிரிவு. ஆனால் 1894-இல் பிரபுக்கள் சபை அதை எப்படிப் படித்தது என்று கேளுங்கள். ஒரு நீராவிக் கப்பலில் பக்கச் சுவரில் ஒரு திறப்பு இருந்தது. கழற்றி மாட்டக்கூடிய கம்பிகள் கப்பலிலேயே இருந்தன. கேப்டன் மாட்டவில்லை. புயலில் ஒரு மாலுமி அந்த வழியாகக் கடலில் விழுந்து செத்தார். விதவை வழக்குப் போட்டார். சபை சொன்னது இது: கம்பி கப்பலில் இருக்கிறது, ஆகவே கப்பலில் குறை இல்லை. மாட்டாதது கேப்டனின் கவனக்குறைவு. கேப்டனும் செத்தவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த சக ஊழியர்கள். சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை. ஹெட்லி வழக்கு என்று பெயர். விதவைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கப்பலில் கேப்டனின் உத்தரவை மீறினால் குற்றம், அவர் தவறால் செத்தால் அவர் 'சக ஊழியர்'. இந்தத் தர்க்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தியாவில் இந்தச் சக ஊழியர் வாதத்தை 1938-இல் ஒரு தனிச் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஐம்பது ஆண்டு கழித்து, 1944-இல், கிட்டத்தட்ட அதே வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தொங்கு சாரத்தில் நின்று வேலை செய்த மாலுமி கயிறு அறுந்து விழுந்தார். கப்பலில் நல்ல கயிறு தாராளமாக இருந்தது. அதிகாரி எடுத்துக் கொடுத்ததோ இரண்டு ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த உளுத்த கயிறு. லண்டன் தர்க்கப்படி பார்த்தால் முதலாளி தப்பியிருக்க வேண்டும். வாஷிங்டன் நேர்மாறாகச் சொன்னது: அந்த மாலுமியின் காலுக்கடியில் இருந்த கயிறு உளுத்தது, ஆகவே அவரளவில் கப்பல் தகுதியற்றது, நல்ல கயிறு வேறெங்கோ இருந்தது என்பது பதிலாகாது, தேர்ந்தெடுத்தவர் யார் என்பதும் பதிலாகாது. 1960-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பாஸ்டனில் ஒரு மீன்பிடிப் படகு கடலிலிருந்து திரும்பி நிற்கிறது. இறங்கும் தொழிலாளி விளிம்புக் கட்டையில் கால் வைக்கிறார். மீன் கழிவும் வழவழப்பும் படிந்திருக்கிறது, வழுக்கி விழுகிறார். அந்த வழுக்கல் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது, முதலாளிக்குத் தெரியுமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை என்றது நீதிமன்றம். கால் வைக்கத் தகுதியான இடமாக அது இருந்ததா? இல்லையென்றால் உடைமையாளர் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊர்த் துறைமுக நிர்வாகிகள் சிலரிடம் இதைச் சொன்னால், மீன் படகில் வழுக்காமல் எப்படி என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தத் தீர்ப்பும் வழுக்கலே இல்லாத படகைக் கேட்கவில்லை, அந்த வேலைக்கு நியாயமாகத் தகுந்த படகைத்தான் கேட்டது.

நாம் எங்கே நிற்கிறோம்? நமது 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் தகுதியற்ற கப்பல் எது என்பதை விரிவாகவே சொன்னது. கட்டிய பொருள், கட்டிய விதம், கேப்டனின் தகுதி, ஆட்களின் எண்ணிக்கை, சரக்கை அடுக்கிய முறை, உடற்பகுதி, கொதிகலன், எந்திரம் எல்லாம் அதில் அடங்கும். உயிருக்கு ஆபத்து வரும்படி அப்படிப்பட்ட கப்பலைக் கடலுக்கு அனுப்புவது குற்றம். மாலுமிக்குத் தரும் மறைமுக வாக்கும் அதில் உண்டு. ஆனால் பிளிம்சால் காலத்து வாசகத்தையே எடுத்துக்கொண்டார்கள்: "நியாயமான வழிகள் அனைத்தும்". முதலாளி முயன்றாரா என்பதே கேள்வி, கயிறு உளுத்ததா என்பது அல்ல. 2025-இல் இதற்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்ட மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு நம்மவர்கள் போகும் வழி வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்; 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. இதில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையால் வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்றால் போதும். இயந்திரத்தால் ஓடும் கப்பல் மட்டுமல்ல, பாயால் மட்டுமே ஓடும் கடற்கலத்தின் தலைவரான தண்டலும் மாலுமியும்கூட அட்டவணையில் இருக்கிறார்கள். எனவே தூத்துக்குடித் தோணிக்காரரும் உள்ளே. ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் வட்டி, தக்க காரணம் இல்லாவிட்டால் பாதித் தொகை வரை அபராதம். ஏழைக்கு ஏற்ற சட்டம் என்று புகழ்வோம். தொகையைப் பாருங்கள். 2020 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே கணக்கு. முப்பது வயதில் இறந்தவருக்கு அதில் பாதியை 207.98-ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். கடலில் மாதம் அறுபதாயிரம் சம்பாதித்தவர் குடும்பத்துக்கும் அதே தொகைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆணையரிடம் மனுப் போட்டுவிட்டால் அதே விபத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு போட முடியாது. ஒன்று இது, அல்லது அது. துக்க வீட்டுக்கு ஏஜெண்டு ஆள் அனுப்பி, "அம்மா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், சீக்கிரம் பணம் வரும்" என்பதன் உள்நோக்கம் பல சமயம் இதுதான். கயிறு உளுத்தது, தளம் துருப்பிடித்தது, ஆள் பற்றாக்குறையோடு ஓட்டினார்கள் என்று பெரிய வழக்காக வரவேண்டியது சின்ன மனுவாக முடிந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கடற்கரைக் கிராமங்களில் நான் சொல்லி வருகிறேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கப்பலுக்குப் போகும் பையன்கள் கடற்கரையிலிருந்து மட்டும் போவதில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்தும் போகிறார்கள்.

பெரிய வழக்குக்குப் போகிறவர்கள் யார்மீது போடுவது? கப்பலில் பனாமா கொடி பறக்கும், முதலாளி ஏதோ ஒரு தீவில் பதிவான காகிதக் கம்பெனி, நிர்வாகம் இன்னொரு நாட்டில். இந்தச் சிக்கலுக்குக் கடல் சட்டம் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டது. ஆளைத் தேடி அலையாதே, கப்பலையே பிரதிவாதியாக்கிப் பிடித்து நிறுத்து. நமது 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட கடலோர உயர்நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரம் உண்டு. உயிரிழப்பு, உடற்காயம் இரண்டும் கடல்சார் கோரிக்கைகள். கப்பலின் மீதே ஒட்டிக்கொள்ளும் பற்றுரிமையில் மாலுமியின் சம்பளப் பாக்கிக்கு முதல் இடம், உயிருக்கும் உடலுக்குமான நஷ்டஈட்டுக்கு இரண்டாம் இடம். கப்பல் கை மாறினாலும் உரிமை போகாது. ஆனால் காயத்துக்கான பற்றுரிமை ஓராண்டில் அழிந்துவிடும். ஆணையரிடம் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு என்று நினைத்துச் சும்மா இருப்பவர் இதைக் கோட்டை விடுகிறார்.

இந்தச் சட்டம் உள்நாட்டு நீர்க் கலங்களுக்குப் பொருந்தாது. அதனால் நமக்கு மிகப் பக்கத்தில் நடந்த பெரும் சாவு இதற்கு வெளியே நிற்கிறது. நம் சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறு தேக்கடியில் ஏரியாகிறது. 2009 செப்டம்பர் 30 மாலை, கேரள அரசின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமான ஜலகன்யகா என்ற இரண்டடுக்குக் கண்ணாடியிழைப் படகு அங்கே கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டவரும் அவர்களில் உண்டு. படகு ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பயணிகள் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாகக் கூடினார்கள் என்று பேசினார்கள். ஓட்டுநரையும் உதவியாளரையும் கைது செய்தார்கள். காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறவன், பயணி எழுந்து நின்று யானையைப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க வேண்டாமா? இரண்டாம் தட்டு வைத்தால் எடை மேலே ஏறுகிறது. மேலே இருக்கும் ஐம்பது பேர் ஒரு பக்கம் நகர்ந்தால் நிமிர வேண்டிய படகு நிமிராது. இது கட்டியவர் கணக்கு, சான்று கொடுத்தவர் கணக்கு, வாங்கியவர் கணக்கு. சுக்கான் பிடித்தவர் இதில் கடைசி ஆள். கடைசி ஆளிடம் போலீஸ் முதலில் போகிறது. 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் 22 பேரைக் கொன்ற படகு, மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போனது. அங்கே உடைமையாளரும் கைதானார். அந்த மட்டுக்கு முன்னேற்றம்.

கடைசியாக, வழக்கே ஆகாத விபத்துகளுக்கு வருகிறேன். தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று நம் கரை முழுவதும் விசைப்படகிலும் வள்ளத்திலும் நடக்கும் காயங்கள். வின்ச்சில் சுற்றிய கம்பிவடத்தில் விரல் போகிறது. என்ஜின் பெல்ட்டுக்கு மூடி இல்லை, வேட்டி சிக்குகிறது. இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலை சரியாகப் பார்க்காத பலகை வழியாக நடுக்கடலில் தண்ணீர் ஏறுகிறது. இவற்றில் இழப்பீட்டு மனுவாக மாறுபவை மிகக் கொஞ்சம். காரணம் பங்கு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிடித்த மீனைப் பகிர்கிறார்கள். ஆணையர் மன்றத்தில் உடனே வரும் வாதம்: "இவர் கூலியாள் இல்லை ஐயா, பங்காளி. பங்காளிக்கு யார் முதலாளி?" 1906-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இழப்பீட்டுச் சட்டம் பங்குக்கு மீன் பிடிப்பவர்களை வெளிப்படையாகவே ஒதுக்கியது. நம் சட்டத்தில் அந்த வரி இல்லை, ஆனாலும் வாதம் மட்டும் உயிரோடிருக்கிறது. லாபத்தில் பங்கு உண்டு என்பதற்காக, எந்தப் பலகையை மாற்றுவது, வின்ச்சுக்கு மூடி போடுவதா வேண்டாமா என்பதில் அவருக்குக் குரல் உண்டா? முடிவெடுப்பவர் படகின் உடைமையாளரான சம்மாட்டி. பலகையைத் தட்டிப் பார்த்து இது தாங்காது என்று படகு கட்டும் ஓடாவி சொன்னால், இந்த ஒரு தங்கல் பயணம் போகட்டும் என்று சொல்பவர் அவர்தான். முடிவு யாருடையதோ பொறுப்பும் அவருடையது என்றே நான் வாதாடுவேன்.

உடனே ஒரு மறுப்பு வரும், அது கனமான மறுப்பு. சம்மாட்டியும் கடனாளி. படகு வங்கிக்கோ ஏலக்காரருக்கோ அடகில் கிடக்கும். விசைப்படகும் தோணியும் அட்மிரால்டி சட்டத்தில் 'கலம்' என்ற சொல்லுக்குள் வரும், பிடித்து ஏலம் விடலாம். விட்டால் அந்தப் படகில் போகும் மற்றக் குடும்பங்கள் அடுத்த நாள் பட்டினி. அதனால்தான் கை போனவரே, "வேண்டாம் சார், ஊருக்குள்ள முகம் பார்க்க முடியாது" என்று எழுந்து போய்விடுகிறார். ஊர்க் கமிட்டி ஏதோ ஒரு தொகையைப் பேசி முடிக்கிறது. மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தால் ஐந்து லட்சம் வருகிறது. வரட்டும், நல்லது. ஆனால் அந்தப் பணம் படகைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பணம் கொடுத்த மறுவாரம் அதே பலகையோடு, அதே மூடியில்லாத வின்ச்சோடு படகு கடலுக்குப் போகிறது.

இதற்கு விடை சாலையில் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒரு பைக்கை ரோட்டில் இறக்கக்கூடாது என்கிறோம். உடைமையாளர் ஏழையா பணக்காரரா என்பது அடிபட்டவரைப் பாதிக்காமல் இருக்க அது ஒரு வழி. உள்நாட்டுக் கலங்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கடலில் போகும் மீன்பிடிக் கலத்துக்கும் தோணிக்கும் உடைமையாளரின் பொறுப்பைக் காப்பீடு செய்ய வைத்தால், கம்பெனி சும்மா பாலிசி கொடுக்காது. சர்வேயரை அனுப்பும். அவர் கலப்பத்தைப் பார்ப்பார், வின்ச்சைப் பார்ப்பார், மூடி இல்லையென்றால் பிரீமியம் கூடும். மீன்துறை ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பார்ப்பதைவிட இந்தக் கண் கூர்மையாக இருக்கும் என்பது என் கணிப்பு. பிரீமியத்தில் ஒரு பகுதியை, டீசலுக்கு மானியம் கொடுப்பதுபோல், அரசு ஏற்கலாம்.

இதோடு சட்டத்தில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். ஒன்று, இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், பங்காகக் கூலி பெறுவதனால் மட்டும் ஒருவர் தொழிலாளர் அல்லர் என்று ஆகாது என ஒரு வரி. இரண்டு, கலத்தில் வேலையில் இருந்தவர் காணாமற் போனாலோ இறந்தாலோ, அது வேலையால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும், அல்ல என்றால் உடைமையாளர் நாட்குறிப்பையும் ஆட்களையும் கொண்டுவந்து நிரூபிக்கட்டும் என இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி 1961-இல் இருந்திருந்தால் துவாரகா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காது. இங்கிருக்கும் மாணவர்களில் எவரேனும் இந்த வரிகளைச் சட்ட மொழியில் வரைந்து, மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப முன்வந்தால், வரைவைத் திருத்திக் கொடுக்க நான் இருக்கிறேன்.